அரை அடி

பாகலூர்ப் பக்கம் நிலத்தை ஏக்கர் கணக்கில் பேசியவர்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ராகிக் கொல்லையும் தக்காளித் தோட்டமுமாக இருந்ததை அவர்கள் ஏக்கரில் விற்றார்கள். வாங்கியவர் சென்ட்டில் கூறு போட்டார். நாங்கள் சதுர அடியில் வாங்கினோம். எல்லை தாண்டி சர்ஜாபுரம், ஆனேக்கல் பக்கமிருந்து வருகிறவர் குண்டாவில் விலை கேட்பார். ஒரு குண்டா 1,089 சதுர அடி, நாற்பது குண்டா ஓர் ஏக்கர். 'முப்பதுக்கு நாற்பது சைட்' என்ற பேச்சும் பெங்களூர்க் காற்றில் வந்து இங்கே நிலைத்ததுதான். ஓசூரிலிருந்து வரும் சாலையில் பார்த்தால் தெரியும்: ஒரு பக்கம் ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பசுமைக்குடில், அதை ஒட்டியே வெள்ளையடித்த கல் நட்ட லேஅவுட், அடுத்து பாதி எழும்பிய ஹாலோ பிளாக் சுவர்.

அலகு சுருங்கியதும் சண்டையின் குணமும் மாறிவிட்டது. முன்பு எல்லாரும் தங்கமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. வரப்பைச் சீவியதற்காக மண்வெட்டியைத் தூக்கிய ஊர்தான் இது. ஆனால் சீவிய வரப்பை அடுத்த உழவில் திரும்பப் போட்டுவிடலாம். கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றிய பில்லரை எந்த உழவில் நகர்த்துவது?

பக்கத்து வீட்டுக்காரர் கட்டுமானம் நம் பக்கம் அரை அடி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "ஒரு அங்குலம்கூட விடாதே, இன்னிக்கி அரை அடி விட்டா நாளைக்கு வாசலுக்கே வந்துடுவான்" என்பது ஒன்று. "போகட்டும் விடு, தினமும் முகத்தைப் பார்க்க வேண்டிய ஆளு" என்பது இன்னொன்று. முதல் பதிலைச் சொல்கிறவரைச் சண்டைக்காரர் என்கிறோம், இரண்டாவதைச் சொல்கிறவரைப் பெரிய மனுஷர் என்கிறோம். எனக்கு இந்தப் பெரிய மனுஷத்தனத்தின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

எங்கள் தெருவில் கிழமேலாக எட்டு சைட்டுகள், ஒவ்வொன்றும் முப்பது அடி அகலம். என் வீட்டுக்குக் கிழக்கே இருந்த காலி சைட்டை வாங்கியவர் அத்திப்பள்ளிப் பக்கம் வேலை பார்க்கிற இளைஞர். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம், என்னோடு தமிழ். மேஸ்திரி கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, குழி எடுத்து, பில்லர் நிறுத்தி, பிளிந்த் பீமுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் கோடு என் சந்துக்குள் வந்திருப்பது கண்ணில் பட்டது. டேப் வைத்துப் பார்த்தால் அரை அடி.

இந்த மாதிரி நேரத்தில் நம் ஆட்கள் முதலில் போய் நிற்பது மேஸ்திரியிடம். அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் "ஓனர் சொன்னாரு" என்பார், ஓனர் சாயங்காலம் வரும்போது "பக்கத்து வீட்டுக்காரர் வேலையை நிறுத்தச் சொல்லிக் கத்தினாரு" என்பார். நாம் சொல்லாத சொல்லெல்லாம் நம் பேரில் போய்ச் சேரும். நான் அவர் வரும்வரை இருந்து, "தம்பி, ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்க, எனக்கு அளவு சேரல" என்றேன். அவர் முகம் சிறுத்துவிட்டது. "ஏன்ணா, நான் கட்டறது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றார். பேங்க் லோன் போட்டு, வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிற மனிதருக்கு அந்த நேரத்தில் வேறென்ன தோன்றும்?

மறுபடி அளந்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவர் மேஸ்திரி தெருவின் கிழக்குக் கோடிக் கல்லிலிருந்து அளந்து வந்திருக்கிறார். நான் மேற்குக் கோடிக் கல்லிலிருந்து அளந்தவன். எட்டு சைட்டுக்கும் காகிதத்தில் 240 அடி, தரையில் இருப்பது 239½ அடி. கிழக்கிலிருந்து வந்தால் அவருக்கு முப்பது சரியாக இருக்கிறது, மேற்கிலிருந்து போனால் எனக்கு முப்பது சரியாக இருக்கிறது. இடிப்பது நடுவில். பத்திரத்தின் செக்குபந்தியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. என் பத்திரத்தில் கிழக்கெல்லை அவருடைய சைட், அவர் பத்திரத்தில் மேற்கெல்லை என்னுடைய சைட். அளவுக்கும் நான்கெல்லைக்கும் முரண்பாடு வந்தால் நான்கெல்லையே செல்லும் என்பது நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கிற விதி. இங்கே எல்லையே ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டு நிற்கிறது.

லேஅவுட் போட்ட காலத்தைக் குற்றம் சொல்வது சுலபம். தமிழ்நாட்டில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் தடை போடும்வரை, கயிறும் சுண்ணாம்புமே அளவையாக எத்தனையோ மனைகள் பிரிக்கப்பட்டன. நட்ட கல்லை ஜேசிபி தட்டிவிட்டுப் போகும், யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு அதை எடுத்து 'இருந்த இடத்திலேயே' திரும்ப நடுவார். ஆனால் கதை அதற்கும் பின்னால் போகிறது.

நிலத்தை வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவரோடும் நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை வளர்ந்தது எங்கள் மாவட்டத்து மண்ணில்தான். திப்பு சுல்தானோடு 1792-ல் போட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கணவாய்க்குக் கீழே இருக்கும் பாராமஹால் ஆங்கிலேயக் கும்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை கவர்னர் ஆனவர். கணவாய்க்கு மேலே இருக்கும் ஓசூர், பாகலூர்ச் சீமை 1799 வரை மைசூரோடு இருந்து, திப்பு விழுந்த பிறகு வந்து சேர்ந்தது. இத்தனை அளவையும் எதற்காக? யாரிடம் எவ்வளவு வரி வாங்குவது என்பதற்காக. அடுத்தடுத்த வீட்டுக்காரர்களின் வழக்கைத் தீர்ப்பதற்காக அல்ல.

அந்த வரிக் கணக்குக்குப் பிறந்த அளவை மரபில்தான் இன்றைக்கு நாம் சதுர அடிக்கு விடை தேடுகிறோம். பழைய புலப்படங்கள் சங்கிலிக் கணக்கில் போட்டவை. சங்கிலி 66 அடி, அதில் நூறு லிங்க், ஒரு லிங்க் 7.92 அங்குலம். நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் முறைத்துக்கொண்ட அரை அடி, அந்தச் சங்கிலியின் ஒரு லிங்குக்கும் குறைவு. 1979-க்குப் பிறகு நடந்த யு.டி.ஆர். பதிவேடு திருத்தத்தில் லிங்க் மீட்டரானது, ஏக்கர் ஹெக்டேரானது. இப்போது ஜி.பி.எஸ். கருவியோடும் அளவர்கள் வருகிறார்கள். கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அது தேடிப் பிடிக்க வேண்டியது யாரோ எப்போதோ நட்ட கல்லை. 1:2000 அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் கோடு என்றால் தரையில் ஒரு மீட்டர். கோட்டின் தடிமனுக்குள்ளேயே இரண்டு வீட்டுச் சந்தும் அடங்கிவிடும். புலப்படத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு "கோடு இங்கதான் போகுது" என்று யாராவது சத்தம் போட்டால் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும். படத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும், கோட்டை அல்ல.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் யாரும் திருடன் இல்லை என்பது இப்படித்தான் தெரிந்தது. பேசாமல் இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது. எனக்கு அவர் நிலம் தின்கிறவராகவும், அவருக்கு நான் வயிறெரிகிறவனாகவும் மனசில் உறைந்துபோயிருப்போம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இதே பகுதியில், வேறு தெருவில், 'போகட்டும்' என்று இருந்தவர். பக்கத்து வீட்டுச் சுவர் தன் சைட்டில் வந்ததைக் கட்டும்போதே பார்த்தவர். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்துக்குப் போய் மொய்யும் எழுதினார். ஆனால் அந்தச் சுவரை அவர் மறக்கவே இல்லை. அந்த வீட்டுக்காரர் வண்டியைச் சற்றே தள்ளி நிறுத்தினாலும், மாடியில் துணி பிழிந்த தண்ணீர் சொட்டினாலும், அவர் மனசு சுவருக்குப் போய்விடும். வருஷங்கள் கழித்து மகன் மாடி கட்டும்போது இடம் போதவில்லை என்றதும், இருந்தாற்போல வக்கீல் நோட்டீஸ் போனது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதிர்ச்சி. "இத்தனை வருஷமா சிரிச்சுப் பேசினவரு!" என்று அவர் ஊரெல்லாம் சொன்னது பொய்யில்லை. தனக்கு ஒரு தானம் கொடுக்கப்பட்டது அவருக்கே தெரியாது. தெரியாத கடனுக்கு வட்டி கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும்.

இங்கேதான் சட்டமும் மனசும் ஒரே பாதையில் நடப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, என் நிலத்தை ஒருவர் வெளிப்படையாக, தொடர்ச்சியாக, என் உரிமைக்கு எதிராக 12 வருஷம் அனுபவித்தால், நான் திரும்பக் கேட்கும் உரிமையை இழக்கலாம். வக்கீல்கள் எதிரிடை அனுபவம் என்பார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றமே இந்தச் சட்டம் நியாயமில்லாதது என்கிற அளவுக்குக் கடிந்துகொண்டது. 2023-ல் சட்ட ஆணையம் ஆராய்ந்து, மாற்றத் தேவையில்லை என்று அறிக்கை கொடுத்தது. ஆகச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு: நான் சம்மதித்து விட்ட இடத்தை அவர் எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் அது எதிரிடை அனுபவம் ஆகாது. வாயைத் திறந்து 'வச்சுக்கோங்க' என்றவனுடைய நிலம் அவன் பேரிலேயே இருக்கிறது. சும்மா இருந்தவனுடையதுதான் கைவிட்டுப் போகிறது.

இங்கிலாந்தில் 1866-ல் ராம்ஸ்டன் எதிர் டைசன் என்ற வழக்கில் பிரபுக்கள் சபையில் லார்ட் கிரான்வொர்த் இதன் மறுபக்கத்தைச் சொன்னார். தன் நிலம் என்று நம்பி ஒருவன் என் நிலத்தில் கட்டுகிறான், அவன் தவறாக நினைத்திருப்பது எனக்குத் தெரிகிறது, நான் திருத்தாமல் அவனைச் செலவு செய்ய விட்டுவிட்டுப் பிறகு உரிமை கொண்டாட வந்தால் நீதி எனக்குத் துணை நிற்காது என்பது அதன் சாரம். அந்த வழக்கில் கட்டியவர்கள் தோற்றுத்தான் போனார்கள், ஆனாலும் கருத்து நிலைத்துவிட்டது. நம் நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றுகின்றன. கட்டும்போது பார்த்துக்கொண்டிருந்தீர்களே, ஏன் பேசவில்லை என்ற கேள்விக்குப் பெருந்தன்மை என்று பதில் சொல்ல முடியாது.

மறுகோடியும் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1895-ல் பைல் எதிர் பெட்ரிக் என்று ஒரு வழக்கு. அளவரை வைத்து அளந்துதான் தொழிற்சாலைச் சுவர் கட்டினார்கள். அளவில் பிழை. மண்ணுக்கடியில் அஸ்திவாரக் கற்கள் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவாக, 1⅜ அங்குலம் பக்கத்து நிலத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் இறங்கிக் கல் முனையைச் செதுக்கிவிடுகிறோம் என்றார்கள். நிலத்துக்காரர் உள்ளே விட மறுத்தார். அவர் உரிமை அவருடையது என்றது நீதிமன்றம். முனையைச் செதுக்க வழியில்லாமல் சுவரையே எடுக்க வேண்டிய நிலை. அதே நாட்டில், கொலராடோவில், 1951-ல் இரண்டு மூன்று அங்குலம் அஸ்திவாரம் நீண்ட வழக்கில் நீதிமன்றம் இடிக்கச் சொல்ல மறுத்தது. கெட்ட எண்ணம் இல்லை, நஷ்டமும் சொற்பம், இடிப்பது அதைவிடப் பல மடங்கு கொடுமை என்றது. நம் ஊரிலும் இடிக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை கேட்டவுடன் கிடைத்துவிடுவதில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. பைல் குடும்பத்தார் வென்றார்கள்தான். 1⅜ அங்குலத்தை மீட்டு அதில் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கதையும் எங்கள் தெருக் கதை போல இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தெரிந்தே செய்கிறவர்கள் உண்டு. வெளியூரில் இருப்பவர் நிலம், தனியாக இருக்கும் அம்மாவின் நிலம் என்றால் கயிறு தானாகவே உள்ளே நகரும். சனி, ஞாயிறு பார்த்துக் கான்கிரீட் போடுவார்கள். அங்கே 'தம்பி, ஒரு நிமிஷம்' எடுபடாது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அங்கே வேண்டியது வேகம். அத்துக் காட்டச் சொல்லி நில அளவைக்கு மனு, இடைக்காலத் தடைக்கு வழக்கு, இடத்தைப் பார்க்க வக்கீல் கமிஷனர். கட்டி முடித்துக் குடியேறிய வீட்டுக்கு எதிராக இடைக்காலத் தடை கேட்டு என்ன பயன்? 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் சிறிய வீடு கட்ட 2024-லிருந்து சுயசான்று கொடுத்தாலே இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது. லஞ்சமும் அலைச்சலும் குறைந்தது நல்லதுதான். ஆனால் குழி எடுக்கும் முன் வந்து அளந்து பார்க்கும் அதிகாரி இல்லை என்றால், அந்த வேலை யாருக்கு வந்து சேர்கிறது? பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான்.

முன்பு அந்த வேலையைச் செய்ய ஊரில் ஓர் ஆள் இருந்தார். கர்ணத்துக்கு எந்தக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியும், முன்சீப்புக்கு யாரைக் கூப்பிட்டு எப்படிப் பேசுவது என்று தெரியும். இங்கிருந்து தொலைவில்லாத தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் தகப்பனாரும் அப்படி ஒரு முன்சீப்தான். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. ஒழித்தது சரி என்றுதான் நினைக்கிறேன். கர்ணத்தின் பேனா எந்தச் சாதிக்காரர் வரப்பை எந்தப் பக்கம் தள்ளியது என்று கேட்டால் சொல்லக் கதை நிறைய உண்டு. ஆனால் இரண்டு பேரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கும் அந்த ஒரு காரியம் இன்று யார் கையிலும் இல்லை. நாமே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாங்கள் கூப்பிட்டுக்கொண்டோம். அவர் வீட்டு அம்மா காபி கொண்டுவந்தார். என் வீட்டுக்காரி டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். பெண்கள் இருந்ததால் குரல் உயரவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் நாளைக்குக் காலை வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது நேருக்கு நேர் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள். ஆண்கள் பைக் எடுத்துப் போய்விடுவார்கள். முடிவு இப்படி: போட்டுவிட்ட பில்லரும் பிளிந்த் பீமும் இருந்த இடத்தில் இருக்கட்டும். மேலே சன்ஷேடோ பால்கனியோ அந்தக் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலமும் வரக் கூடாது. பெங்களூர் பாணியில் மாடியை மூன்று அடி வெளியே இழுக்கும் திட்டம் வரைபடத்தில் இருந்தது, அதை அவர் அடித்தார். பத்திரத்தாளில் எழுதினோம். தெருவே அரை அடி குறைவு, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் இன்ன அளவு, இந்தத் துண்டில் அவர் கட்டடம் இருப்பது என் சம்மதத்தோடு, யார் எப்போது இடித்துக் கட்டினாலும் குறைவை ஆளுக்கு மூன்று அங்குலமாகப் பிரித்துக்கொள்வது. இரண்டு பக்கமும் கையெழுத்து, படம், போட்டோ.

எழுதும்போது எங்கள் வக்கீல் எச்சரித்தார். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, கொடுத்த அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிரந்தரமாகக் கட்டிவிட்டால் அந்த அனுமதியை நாம் திரும்ப எடுக்க முடியாது. "யோசிச்சுக் கொடுங்க, கொடுத்தது கொடுத்ததுதான்" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. எதைக் கொடுக்கிறேன், எவ்வளவு கொடுக்கிறேன், திரும்ப வராது என்று தெரிந்து கொடுத்ததால், அந்தச் சுவரைப் பார்க்கும்போது எனக்குள் கணக்கு எதுவும் ஓடுவதில்லை. அவருக்கும் தான் வாங்கியது தெரியும். போன ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வந்தபோது அவரே தன் மாமனாரிடம், "அந்தப் பக்கம் அரை அடி அண்ணா விட்டது" என்று தெலுங்கில் சொன்னார். சரியாகச் சொன்னால் அரை அடியும் என்னுடையதில்லை, மூன்று அங்குலம்தான். திருத்தவில்லை.

காகிதம் எல்லாவற்றையும் முடித்துவிடவில்லை. நான் வீட்டை விற்றால் வாங்குகிறவரை என் சம்மதம் அப்படியே கட்டுப்படுத்தாது, அவரும் இவரும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். கிழக்கே இன்னும் இரண்டு காலி சைட்டுகள் இருக்கின்றன, அவற்றில் கட்ட வருகிறவர்கள் எந்தக் கல்லிலிருந்து அளப்பார்கள் என்று தெரியாது. போதாததற்கு, அவர் மொட்டை மாடி மழைத் தண்ணீருக்கு வைத்திருக்கும் பிவிசி குழாயின் வாய் என் சந்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதைச் சாலைப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறேன். "பிளம்பர் வரட்டும்ணா" என்றார். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்குள் மறுபடி கேட்பேன்.